அம்மா எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்?

அழகர்கோவில் சாலையில் என் தங்கை குடியிருக்கும் அடுக்ககத்தில் நீச்சல்குளம் உண்டு. சுற்றிலும் வேலி கிடையாது. பக்கத்து வளாகத்துக் குளத்துக்குக் கம்பித் தடுப்பும் பூட்டும் இருக்கின்றன. சென்ற கோடையில் குடியிருப்போர் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். "பாக்க நல்லா இருக்காதும்மா" என்றாராம் ஒருவர். பணி ஓய்வு பெற்ற இன்னொருவர், "பிள்ளைய வச்சிருக்கவங்க பாத்துக்கிட்டா போதும். நாங்கல்லாம் வளக்கலையா?" என்றாராம். வளர்த்தது அவர் மனைவி. அந்த அம்மா கூட்டத்துக்கு வரவில்லை. பேச்சு வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டது. அன்றிரவு தல்லாகுளத்தில் என் வீட்டில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, தங்கைக்குக் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. வேலி கேட்டதே தன் பிள்ளையைத் தன்னால் கவனிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிட்டது.

எனக்குப் பெரியம்மாவின் நினைவு வந்தது. மேலூர்ப் பக்கம் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மொட்டைக் கிணறு இருந்தது. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, அவர் நெல் அவித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அவருடைய இரண்டு வயது மகன் அதில் விழுந்து இறந்தான். ஓடிவந்த ஊர் முதலில் கேட்டது, "நீ எங்கடி பாத்துக்கிட்டிருந்த?" என்றுதான். பதினாறாம் நாள் முடிந்ததும் ஆண்கள் சேர்ந்து கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பினார்கள். நான்கு நாள் வேலை. பிள்ளை இருந்தபோதே அந்த நான்கு நாள் ஏன் கிடைக்கவில்லை என்று பெரியப்பாவை யாரும் கேட்டதாக எங்கள் குடும்பத்தில் பேச்சில்லை. பெரியம்மா எழுபது வயதிலும், யாரும் கேட்காமலேயே, "அடுப்புல நெல்லு இருந்துச்சு" என்பார்.

இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தாய் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்? சுவர் எங்கே இருந்தது? முதல் கேள்வியை உரக்கக் கேட்கும்போது இரண்டாவது காதில் விழுவதில்லை. ஒருவரால் செய்ய இயலாததை அவருடைய கடமை என்று சொல்வது அறமாகாது. கண் இமைக்காமல் நாள் முழுதும் ஒரு குழந்தையைப் பார்த்திருக்க எந்த மனிதராலும் முடியாது. அடுப்பும் துணியும் மாடும் மாமியாரும் அதே கண்களைக் கேட்கும் வீட்டில் அது இன்னும் முடியாது. முடியாததைத் தாய்மை என்று பெயரிட்டு ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டால், மற்ற எல்லோருக்கும் நான்கு நாள் வேலை மிச்சம்.

2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. அந்தத் தீபாவளி முழுவதும் தமிழகம் தொலைக்காட்சி முன்னால் இருந்தது. பிள்ளையை மேலே தூக்கப் பை வேண்டும் என்றபோது, தாய் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். 29ஆம் தேதி அதிகாலை உயிரற்ற உடல்தான் வெளியே வந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 2010 பிப்ரவரி 11 அன்று, உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை வகுத்துவிட்டிருந்தது: தோண்டும்போது சுற்றி முள்வேலி, குழாயைச் சுற்றிச் சிமெண்ட் மேடை, வாய்க்கு இரும்பு மூடி, கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்புவது. சட்டம் கேட்டது ஒரு மூடியை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992இலிருந்து நீச்சல்குளங்களுக்கென்றே சட்டம் இருக்கிறது. வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கதவு தானாகச் சாத்தித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை ஏறக்கூடிய எதுவும் அருகில் இருக்கக் கூடாது. 'தானாக' என்ற சொல்லை நான் இரண்டு முறை படித்தேன். கதவைச் சாத்த மறக்கிறவர்களும் மனிதர்களே என்று ஒரு சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அங்கும் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் திரும்பிப் பார்த்த நேரத்துக்குப் பிள்ளையின் உயிர் விலையாகக் கூடாது.

வேலி என்றாலே நமக்கு உள்ளூர ஒரு கசப்பு உண்டு; நம்மைச் சுற்றித்தானே அதைப் போட்டுவந்தார்கள். பெண்ணின் நடைக்கும் உடைக்கும் காதலுக்கும் தயங்காமல் வேலி கட்டிய ஊர், கிணற்றுக்குக் கட்டத் தயங்கியது. என் தங்கை கேட்பது தண்ணீருக்கு வேலி. அது இருந்தால் பிள்ளையும் ஓடலாம், அவளும் ஒரு புத்தகம் படிக்கலாம்.

வேலி மட்டும் போதாது என்பதும் உண்மை. குளமும் குட்டையுமான வங்கதேசக் கிராமங்களில் எதையெல்லாம் அடைப்பது? அங்கே சிறு பிள்ளைகள் அதிகம் மூழ்குவது காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையில், தாய்மார் வீட்டு வேலையில் இருக்கும் நேரத்தில், என்று கண்டறிந்தார்கள். அந்த நேரத்துக்கென்று ஊருக்குள்ளேயே காப்பகங்கள் திறந்து, ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பிள்ளைகளைக் கவனிக்க வைத்தார்கள். அவற்றின் பெயர் 'ஆஞ்சல்'. வங்க மொழியில் புடவை முந்தானை என்று பொருள். ஒருத்தியின் முந்தானையை ஊர் முந்தானையாக்கிய அந்த யோசனை, அவளிடம் வேலை இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்வதிலிருந்து தொடங்கியது.

அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்று தங்கையிடம் சொன்னேன். "நீ எதுக்குக்கா? உனக்கு அங்க வீடே இல்லையே" என்றாள். வீடு இல்லைதான். அந்த ஓய்வுபெற்றவரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். பிள்ளை வளர்த்த கதையை அவரே சொல்லட்டும். எத்தனை முறை நெஞ்சு பதறி ஓடினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.