மலைப் பாதையும் அமானிதமே



சிங்கப்பூரின் புக்கித் தீமா, 163 மீட்டர் உயரக் குன்று. நகருக்குள்ளேயே வல்ல நாயன் அருளிய பசுங்காடு. பெருகிய காலடிகளால் அங்கே மண் கரைந்து, மரவேர்கள் வெளியே தெரிந்தன. 2014-இல் மூடிச் செப்பனிட்டு, 2016-இல்தான் முழுமையாகத் திறந்தார்கள்.

பிள்ளைகுட்டிகளுடன் நாமும் ஏறுவோம். அவன் படைப்பைக் கண்டு 'ஸுப்ஹானல்லாஹ்' சொல்வோம். ஆனால், ஸதக்கா என்றெண்ணிக் குரங்குக்கு ரொட்டி எறிகிறோமே, அது தர்மமா? கைத்தீனிக்குப் பழகிய குரங்கு காட்டில் இரை தேடுவதை மறந்து, மனிதரிடம் பறிக்கத் துணிகிறது. சட்டமும் இதைத் தடுத்திருக்கிறது.

பாதையிலுள்ள இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளையென நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றிருக்க, நாமே இடையூறாகலாமா? பாதை விலகாமல் நடப்போம். கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருவோம். அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.