உலர்ந்த உமரி

ஆறுமுகநேரி உப்பளங்களின் வரப்போரம் உமரி மண்டிக் கிடக்கும். இலையென்று சொல்ல ஒன்றுமில்லாத, கணுக்கணுவாய் நீர் ததும்பும் தண்டு. ஒடித்து வாயில் வைத்தால் கரிக்கும், முற்றினால் சிவக்கும். கணுக்களுக்குள் புதைந்து பூவும் உண்டு, கண்ணை இடுக்கிப் பார்த்தால் மும்மூன்றாக. ஏரல் பக்கம் உமரிக்காடு என்று ஊரே இருக்கிறது.

இதன் ஐரோப்பியப் பங்காளிக்கு 1753-இல் லின்னேயஸ் சாலிகோர்னியா யூரோப்பியா என்று பெயர் வைத்தார். ஒரு காலத்தில் அதன் சாம்பலைச் சேர்த்துத்தான் அங்கே கண்ணாடி காய்ச்சினார்கள். தாவரவியலாளர்களை மட்டும் அது இன்றுவரை திணறடிக்கிறது. மற்றச் செடிகளைப் போல் இதையும் அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டினால், தண்டின் நீர் வற்றி, இனம் பிரித்தறிய உதவும் வடிவமே சுருங்கிப்போகிறது. உடல் இருக்கிறது, அடையாளத்தைக் காணோம்.

அப்படியானால் அந்தத் தாளில் காப்பாற்றி வைத்திருப்பது எதை?

உடம்பைப் பற்றிச் சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வியும் இதுவே. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல் பழைய கோவாவில் இன்றும் பேணப்படுகிறது. சைவ சித்தாந்தமோ உடம்பை உயிருக்கு இறைவன் தந்த கருவி என்கிறது. வேலை முடிந்தால் அது நெருப்புக்கோ மண்ணுக்கோ. இவ்விரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாகத் தோன்றவில்லை. உடலைப் பேணுகிறவர்களும் அதை உயிர் என்று மயங்குவதில்லை. இப்படி ஒருவர் நம்மிடையே நடந்தார் என்பதற்கு அது சாட்சி.

உலர்தாவரத் தாளின் மூலையில் ஒட்டிய சீட்டும் அதைத்தான் சொல்கிறது: எந்த ஊர், எந்த நாள், பறித்தவர் யார். வற்றிய திசுவிலிருந்தே மரபணுவைப் பிரித்து இனத்தைத் தேறவும் இப்போது வழி பிறந்திருக்கிறது.

1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மதகுரு ராட்லர் 1836-இல் சென்னையில் மறையும்வரை தமிழ் மண்ணிலேயே வாழ்ந்தார். அவர் உலர்த்திய செடிகள் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தவரும் அவரே. இரண்டும் ஒரே கையின் வேலை என்பது வியப்பில்லை. அகராதிக்குள் போன சொல்லும் பேச்சின் ஈரம் வற்றியதுதானே!

உமரி என்ற ஒரே சொல்லால் இப்பக்கத்தில் இரண்டு மூன்று செடிகளைச் சுட்டுவார்கள். எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், வரப்பில் குனிந்து ஒரு கணுவை ஒடித்துக் கையில் கொடுப்பார்கள்.