நிய்யத்தும் அனுமதிச் சீட்டும்



சமீபத்தில் நமது அங்கத்தினர் ஒருவரின் தாயார் மவுத்தான வீட்டில், மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்து தேநீர் வழங்கும் வேளையில் ஒரு விவாதம் எழுந்தது. மய்யித்து வீட்டில் அமெரிக்க விசாவைப் பற்றியா பேசுவது என்று பெரியவர் ஒருவர் கண்டித்தார். அவர் கண்டித்தது சரியே. ஆயினும் அன்று எழுந்த கேள்வி என் உள்ளத்தை விட்டு அகலவில்லை, ஆகவே எழுதுகின்றேன்.

அம்மூதாட்டியின் இளைய மகன் அமெரிக்காவில் சிறு உணவுக்கடை நடத்துகின்றார். இ-2 என்னும் வியாபார விசாவில் சென்றவர். அமெரிக்காவுடன் அதற்குரிய உடன்படிக்கை உள்ள நாட்டுப் பிரஜைகளுக்கே அது கிட்டும். சிங்கப்பூரருக்கு 2004ஆம் ஆண்டு முதல் உண்டு; மலேசியருக்கும் இந்தியருக்கும் இல்லை. சொந்த முதலைப் போட வேண்டும். குடும்பத்தின் வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் காணும் தொழிலாக இருக்கக் கூடாது. ஒரு முறைக்கு 2 ஆண்டு தங்கலாம், மேலும் மேலும் நீட்டிக்கலாம். ஆனால் அந்தத் தகுதி முடிந்ததும் நாட்டை விட்டுப் புறப்படுவேன் என்னும் நோக்கம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அங்கே பிரஜையாகிவிட்ட மூத்த சகோதரர் தம்பிக்காகக் கிரீன் கார்டு மனு போட்டிருந்தார். உடன்பிறந்தார் வகுப்புக்கு ஆண்டொன்றுக்கு 65,000 இடங்கள்தாம். ஒரே நாட்டில் பிறந்தோருக்கு மொத்தத்தில் 7 சதவீத வரம்பும் உண்டு. (எந்த நாட்டுப் பிரஜை என்பதன்று, எங்கே பிறந்தார் என்பதே கணக்கு. ஊரில் பிறந்து இங்கே பிரஜையானோர் இதை மறந்துவிடுகின்றனர்.) 15 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, முறை வந்து, கடைசி மனுவையும் அங்கிருந்தே கொடுத்த சமயத்தில்தான் உம்மாவுக்கு நோய் முற்றியது.

அம்மனு நிலுவையில் இருக்கும்போது முன்னனுமதி இன்றி நாட்டை விட்டு வெளியேறினால் மனுவைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். அனுமதி கேட்டார், கைக்கு வரவில்லை. வக்கீல் பொறுக்கச் சொன்னார். நோய் பொறுக்கவில்லை. விமானம் ஏறிவிட்டார், உம்மா கண்மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு வந்து சேர்ந்தார். அண்ணன் போட்ட மூல மனு அழியவில்லை, வரிசையில் அவரது இடமும் போகவில்லை. ஆனால் கடைசிப் படியை மறுபடியும் ஏற வேண்டும். பிழைக்கத் தெரியாதவர் என்று சிலர் சொன்னார்கள். தாயின் முகத்தைக் காண வந்த மகனைப் பற்றி அப்படிச் சொல்வோரிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை.

என் கேள்வி வேறு. அவரது கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. உள்ளே இருந்துகொண்டு நீட்டிப்புப் பெற்றவரும் வெளியே வந்துவிட்டால் புதிய முத்திரை பெற்றே திரும்ப வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் ஒரு வினா உண்டு: உமக்காக யாரேனும் குடியேற்ற மனு செய்ததுண்டா? ‘இல்லை என்று எழுதிவிடு, யாருக்குத் தெரியும்’ என்றார் ஒருவர். இதற்குப் பதில் எளிது: அது பொய். பிடிபட்டால் ஆயுள் முழுவதும் தடை விழலாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், பிடிபடாவிட்டாலும் பொய்தான்.

கடினமானது அடுத்த கேள்வி. ‘முடிந்ததும் திரும்பிவிடுவேன்’ என்று அதிகாரியிடம் சொல்ல வேண்டுமே! குடியேறும் ஆசையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது பொய்யாகாதா? அங்கிருந்த இளைஞர் ஒருவர், ஆகும் என்றே சாதித்தார். மனு இருப்பதால் மட்டுமே உள்ளே வரவோ நீட்டிப்புப் பெறவோ மறுக்கலாகாது என்று சட்டம் சொல்வதைக் காட்டினாலும், சட்டம் விட்டதை நெஞ்சம் விடுமா என்று கேட்டார். நல்ல கேள்வி!

நான் நினைப்பது இது. ஒருவர் ஒரு வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுக்கின்றார். என்றாவது சொந்தக்காரர் விற்றால் வாங்கலாம் என்பது அவர் ஆசை. காலம் முடிந்ததும் காலி செய்வேன் என்று கையெழுத்தும் இடுகின்றார். ஆசை வேறு, வாக்கு வேறு. விற்க மாட்டேன் என்று சொந்தக்காரர் சொல்லும் நாளில் சாவியைக் கொடுத்துவிட்டால் அவர் கையெழுத்து மெய். அன்று கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருந்துவிடலாம் என்று முதலிலேயே எண்ணியிருந்தால், கையெழுத்திட்ட கணமே அது பொய்.

அந்நிய சர்க்காருக்குக் கொடுத்த வாக்கு நம்மைக் கட்டாது என்று சொல்வோரும் உளர். பிறர் அளித்த அமானில் ஒரு நாட்டுக்குள் நுழைந்தவர் அவர்களுக்குத் துரோகம் செய்யலாகாது என்பது நமது ஃபுகஹாக்களின் தீர்ப்பு. அல்மாயிதா சூராவோ ஒப்பந்தங்களை நிறைவேற்ற ஏவியே தொடங்குகின்றது.

இதைவிட எனக்குத் தெளிவு தந்தது ஹுதைபிய்யா. ஹிஜ்ரி 6இல், அதாவது 628ஆம் ஆண்டில், நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் உம்ரா செய்ய விடாது எல்லையிலேயே தடுக்கப்பட்டனர். மறு ஆண்டு வரலாம், மூன்று நாள் மட்டுமே தங்கலாம் என்று பத்திரம் எழுதப்பட்டது. தோழர்கள் பலருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மறு ஆண்டு வந்தார்கள். அப்பயணத்தில் மைமூனா (ரலி) அவர்களை நாயகம் அவர்கள் மணந்தார்கள். மூன்று நாள் முடிந்தபோது, வலீமா விருந்தை மக்காவிலேயே நடத்த விடலாகாதா என்று குறைஷியரிடம் கேட்டார்கள் எனச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகின்றனர். முடியாது என்றார்கள். உடனே புறப்பட்டுவிட்டார்கள். அது தம் பிறந்த ஊர், ஸஹாபாக்களோ ஏராளம்! தங்க விரும்பினார்கள், அதை மறைக்காமல் கேட்டார்கள், இல்லை என்றதும் வெளியேறினார்கள். அந்த இளைஞருக்கு இதைச் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. ஒப்புக்கொண்டாரா என்பது தெரியாது.

நமது பாட்டன்மார் சபர் வந்த காலத்தில் கப்பல் டிக்கெட்டே போதுமாயிருந்தது. 1953இல் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இங்கேயும் எத்தனை குடும்பங்கள் இரு கரைகளில் பிரிந்து கிடந்தன! ஆகவே இது நமக்குப் புதிய சோதனையன்று.

அந்த மகன் படிவத்தில் ‘ஆம்’ என்றே எழுதிவிட்டார். நேர்முகத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கின்றது. கடையை மனைவியும் மகனும் பார்த்துக்கொள்கின்றனர். மகனுக்கு 21 வயது நிறையப் போகின்றது. அன்றோடு தகப்பனின் விசாவில் அவனுக்குள்ள இடமும் தீர்ந்துவிடும். சென்ற ஜும்ஆவுக்குப் பின் அவரைக் கண்டபோது, மறுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“கடையை விற்றுவிட்டு அவர்களை இங்கே அழைத்துக்கொள்ள வேண்டியதுதான், மாமா. இரண்டு பேரிடம் விலை கேட்டு வைத்திருக்கிறேன்” என்றார்.