நட்பின் விலையைக் கொடுப்பவர் யார்?

கொல்லிமலைக்கு உரியவனாக இருந்தான் ஓரி. வில்லாண்மையால் வல்வில் ஓரி எனப் பெயர் பெற்றவன். வாரி வழங்கியதால் வள்ளல் எழுவருள் ஒருவனாக எண்ணப்பட்டவன். அவனைப் போரில் கொன்றவன் யார்? கொடுங்கோலனா? கொள்ளைக்காரனா? இல்லை. அவனும் அந்த எழுவருள் ஒருவன்தான்! முள்ளூருக்கு உரிய மலையமான் திருமுடிக்காரி. கொன்றான், கொன்ற பின் கொல்லியைத் தான் வைத்துக்கொண்டானா? அதுவும் இல்லை. சேரர்க்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு.

காரி அற்பனல்லன். மூவேந்தரும் தத்தமக்குத் துணையாக வருமாறு வேண்டி அவனுக்குப் பொருள் விடுப்பர் என்றும், வந்த பொருளை அவன் இரவலர்க்கே ஈந்துவிடுவான் என்றும் புறநானூற்றில் கபிலர் பாராட்டுகிறார். அதே கபிலர் பெயரால் நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு. ஓரியைக் கொன்றுவிட்டு அவனுடைய பெருந்தெருவிலே காரி புகுந்தபோது எழுந்த பேரோசை, அந்தப் பாட்டில் உவமையாக வருகிறது. காரியின் கொடையைப் பாடிய நா, ஓரியின் தெருவில் எழுந்த ஓசையை மறைக்கவில்லை!

காரி சேரனுக்கு உண்மையாக இருந்தான். கூட்டாளியைக் கைவிடாதவன் என்ற பெயரும் நிலைத்தது. ஆனால் அந்த உண்மைக்கு விலை கொடுத்தவர் யார்? சேரனா? காரியா? அந்தத் தெருவில் குடியிருந்தவர்களல்லவா! நட்பு இருவருடையது, இழப்பு மூன்றாமவருடையது. இன்று கொல்லிமலைச் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஆடித் திங்களில் விழாவும் எடுக்கப்படுகிறது. சிலைக்கு மாலை சூட்டுவது எளிது. அந்தத் தெரு எழுப்பிய கேள்விக்கு விடை சொல்வதுதான் அரிது.

தோழர்களே! இந்தக் கேள்வி மன்னர்களோடு மாண்டுவிட்டதா? கொடி பிடிக்கும் ஒவ்வொருவனும் ஒருநாள் இதனைச் சந்தித்தே தீரவேண்டும். மாற்றுக் கட்சியில் இருக்கிறான் நண்பன். அவனோடு கைகுலுக்கினால், “துரோகி” என்று தூற்றுகிறார்கள் நம்மவர்கள். கைகுலுக்க மறுத்தால், “கல்நெஞ்சன்” என்று சுடுகிறது நம் மனம். ஒருபுறம் கட்டுப்பாடு, மறுபுறம் கனிவு. எதற்கு வளைவது? எங்கே நிற்பது?

கொல்லிமலை நெடுங்காலம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தச் சேலத்தில் வழக்கறிஞராகப் பெயர் பெற்று, 1917-இல் நகராட்சித் தலைவராக அமர்ந்தார் இராசகோபாலாச்சாரியார். அக்காலத்திலேயே பக்கத்து ஈரோட்டில் நகராட்சித் தலைவராக விளங்கினார் பெரியார். ஒருவர் வைதிகத்தில் ஊறியவர். மற்றவர் வைதிகத்தின் வேரையே அசைத்தவர். ஆயினும் நண்பர்களானார்கள். காங்கிரசுக்குப் பெரியாரை அழைத்தவர்களுள் முதன்மையானவர் ஆச்சாரியார்.

1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்திற்கு இடம் மறுக்கப்பட்டபோது, காங்கிரசை விட்டு வெளியேறினார் பெரியார். நண்பர் உள்ளே இருக்கிறாரே என்று தயங்கினாரா? தயங்கவில்லை. 1937-இல் ஆச்சாரியார் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். மூண்டது போராட்டம். நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்தின்போது மாண்டார்கள். நண்பரின் ஆட்சியிலேயே, அறுபதை நெருங்கிய வயதில், சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார் பெரியார். நட்பைக் காட்டிப் போராட்டத்தை அவர் தளர்த்தவில்லை. நட்புக்காகச் சட்டத்தை ஆச்சாரியாரும் தளர்த்தவில்லை.

1953-இல் வந்தது புதிய தொடக்கக் கல்வித் திட்டம். பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழில். நகரத்துப் பிள்ளைக்கு அன்று; சிற்றூர்ப் பிள்ளைக்கு! உழுபவன் மகன் ஏரைப் பிடிக்க, வெளுப்பவன் மகன் வெள்ளாவி வைக்க, அரைநாள் ஒதுக்கியது அரசு. குலக்கல்வி எனப் பெயரிட்டுக் கொதித்தெழுந்தது நாடு. பெரியார் என்ன செய்தார்? முன்னணியில் நின்று எதிர்த்தார். 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. காங்கிரசையே தீவிரமாகத் தாக்கிவந்த பெரியார், அந்தக் காங்கிரசின் காமராசரை அன்று தொடங்கி ஆண்டுக்கணக்கில் ஆதரித்தார்.

இங்கேதான் காரியின் நட்புக்கும் இந்த நட்புக்கும் உள்ள வேறுபாடு விளங்குகிறது. நண்பர் மனம் நோகும் என்று பெரியார் வாய் மூடியிருந்தால், இருவர் உறவு இனித்திருக்கும். இலட்சம் பிள்ளைகளின் எழுத்தறிவு அதற்கு விலையாகியிருக்கும். அந்த விலையைக் கொடுக்க அவருக்கு உரிமையில்லை. தன் பணத்தை நண்பனுக்குத் தரலாம். தன் புகழைத் தரலாம். தன் உயிரையும் தரலாம். ஊரான் பிள்ளையின் ஏட்டைப் பிடுங்கித் தரலாமா?

“அப்படியானால் நட்பு எதற்கு? போராட்டத்தில் பயன்படாத நட்பு பொய்யல்லவா?” எனக் கேட்பார் உண்டு. 1949-இல் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். திருவண்ணாமலைக்கு வந்திருந்த ஆச்சாரியாரை மே மாதத்தில் பெரியார் சந்தித்தார். சூலையில் பெரியார் - மணியம்மையார் திருமணம். ஆச்சாரியார் தூண்டினார், இயக்கத்தைக் குலைக்கத் திட்டமிட்டார் என்ற ஐயம் எங்கும் பரவியது. உண்மை என்ன? அந்தத் திருமணம் வேண்டா என்பதே ஆச்சாரியார் கடிதத்தில் கூறிய கருத்து. கடிதம் வெளியுலகுக்குத் தெரிந்தது மிகப் பிற்காலத்தில். நண்பர் அந்தரங்கமாக எழுதியதைப் பெரியார் மேடையில் விரிக்கவில்லை. வீண்பழியைத் துடைக்க ஆச்சாரியாரும் அதை வெளியிடவில்லை. ஏச்சையும் ஐயத்தையும் அவ்விருவரும் தங்கள் தலையில் தாங்கினார்கள்.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது, அதை மறைக்கலாகாது. தலைவன் தனியறையில் மாற்றாரைச் சந்தித்தால், வெளியே நிற்கும் தொண்டன் ஐயுறுவது குற்றமா? உயிரைக் கொடுத்து உழைப்பவனுக்கு உண்மையை அறிய உரிமையில்லையா? உண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் தி.மு.கழகம் பிறந்தது, பிரிவுக்குக் காரணங்கள் பல என்றாலும், பேசப்படாத அந்தச் சந்திப்பு புண்ணை ஆழமாக்கியது. ஆகவே சொந்த வாழ்க்கை பற்றிய கடிதம் நண்பர்க்கு உரியது. பொது வாழ்க்கை பற்றிய உடன்பாடு மக்களுக்கு உரியது. இரண்டும் கலந்துவிடும் இடத்தில், பேசுவதே பொதுவாழ்வினர்க்கு அழகு.

அண்ணா இந்த நுட்பத்தை அறிந்தவர். 1967 தேர்தலில் பெரியார் காங்கிரசுக்காகப் பாடுபட்டார். கழகத்தைக் கடுமையாகத் தாக்கினார். ஆச்சாரியாரோ தம் சுதந்திராக் கட்சியோடு கழகத்தின் கூட்டணியில்! வென்றதும் அண்ணா எங்கே சென்றார்? திருச்சியில் இருந்த பெரியாரிடம். பழைய பகையை வெற்றியின் மேடையில் நின்று கணக்குத் தீர்க்கவில்லை. கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அவர் வரிசைப்படுத்தியதில் கண்ணியம் நடுவிலே நிற்பதைக் கவனியுங்கள். கண்ணியமற்ற கடமை கொடுமையாகும். கண்ணியமற்ற கட்டுப்பாடு அடிமைத்தனமாகும்.

அளவுகோலை அடுத்த வீட்டுக்கு மட்டும் வைத்திருப்பவன் பகுத்தறிவாளன் ஆகான். நம் வீட்டையும் அளப்போம். நாட்டிலேயே முன்னோடியாக மதுவிலக்கை 1937-இல் ஆச்சாரியார் தொடங்கியது இதே சேலம் மாவட்டத்தில்தான். 1971-இல் மதுவிலக்கைத் தள்ளிவைக்கக் கழக ஆட்சி முனைந்தபோது, தொண்ணூறைக் கடந்த அந்த முதியவர், கொட்டும் மழையில் முதலமைச்சர் கலைஞரின் இல்லம் சென்று, வேண்டாம் என்று மன்றாடினார். மதிப்போடு வரவேற்றார் கலைஞர், வேண்டுகோளை ஏற்கவில்லை. நண்பர் கேட்டார் என்பதற்காகக் கொள்கையை மாற்ற வேண்டியதில்லைதான். ஆனால் அன்று கேட்டவர் தமக்காகவா கேட்டார்? கூலியைக் கடையில் தொலைத்துவிட்டு வருபவனின் மனைவிக்காக அல்லவா கேட்டார்! 1974-இல் மதுவிலக்கு மீண்டும் வந்தது. இடையில் விலை கொடுத்தவர்கள் யாரென்று அடுப்பெரியாத வீடுகளுக்குத் தெரியும். எதிர்முகாமிலிருந்து வரும் சொல்லையும் சொன்னவர் முகம் பாராமல் எடைபோட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமோ?

1972 டிசம்பர் 25-இல் ஆச்சாரியார் மறைந்தார். தொண்ணூற்று நான்காம் வயதில் நடந்துகொண்டிருந்த பெரியார், நடக்கவியலாத நிலையிலும் சக்கர நாற்காலியில் வந்து, நண்பரின் சிதை எதிரே குலுங்கிக் குலுங்கி அழுதார். கண்டவர் வியந்தனர். வியப்பதற்கு என்ன இருக்கிறது? பிள்ளைகளின் கல்வியை அவர் நட்புக்கு விலையாகக் கொடுத்ததில்லை, மொழியைக் கொடுத்ததில்லை, மானத்தைக் கொடுத்ததில்லை. கடன் ஏதும் இல்லாத நட்பு அது. அதனால்தான் அந்தக் கண்ணீரில் கறை இல்லை.

தோழர்களே! மாற்றுக் கட்சி நண்பன் வீட்டுத் திருமணத்திற்குச் செல்லுங்கள். துயரில் தோள் கொடுங்கள். அவனைப் பற்றிய பொய்யை நம்மவரே பரப்பினாலும் தடுத்து நிறுத்துங்கள். அது துரோகமன்று, மனிதப் பண்பு. ஆனால் அவனுக்காகவோ, நம் தலைவருக்காகவோ, ஒரு வாக்கைக் கொடுக்குமுன், ஓர் அநீதியைக் கண்டு வாய் மூடுமுன், ஒருகணம் நில்லுங்கள். இதற்கான விலையை நான் என் பையிலிருந்து கொடுக்கிறேனா, அல்லது தெருவில் நிற்கும் யாரோ ஒருவன் பையிலிருந்து எடுக்கிறேனா என்று கேளுங்கள்.

தன் பையிலிருந்து கொடுப்பவன் நண்பன். பிறர் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பவன், வள்ளல் என்றே பெயர் பெற்றிருந்தாலும், காரி!