ஆட்டமும் ஆறுதலும்

ஸ்ரீராமபுரத்தில் நம் எதிர்வீட்டுப் பிள்ளை ஒருவன், தன் தோழன் லாரிச் சக்கரத்தில் அகப்பட்டு மாண்டதை ஒரு பகற்பொழுதில் கண்ணெதிரே கண்டான். அன்று மாலையே திண்ணையில் அமர்ந்து, கைபேசியில் கட்டைகளை அடுக்கும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். “இழவு வீட்டருகில் விளையாட்டா?” என்று அதட்டி அதனைப் பிடுங்கிக்கொண்டோம். அவன் வாய் திறக்கவில்லை. நாம் செய்தது தகுமா?

நம் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பிரமஜால சூத்திரத்தில், துறவிகள் விலக்குவனவற்றுள் எட்டுக் கட்ட, பத்துக் கட்டப் பலகையாட்டங்களும் எண்ணப்பட்டுள்ளன. இல்லறத்தாருக்கு அது விதியன்று என்பது வேறு. நம் பெங்களூர் நிம்ஹான்ஸில், கைபேசியையும் வீடியோ விளையாட்டையும் விடமாட்டாமல் அல்லலுறுவோருக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு நடைபெறுகிறது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற நோய்ப் பட்டியலிலும் இவ்வாட்டப் பித்து இடம்பெற்றது.

பின்னர் ஒரு செய்தி அறிந்தோம். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் என்னும் கட்டையாட்டத்தை, ஆக்ஸ்போர்டு மருத்துவமனையொன்றின் அவசரப் பிரிவில் பரிசோதித்து, முடிவை 2017-ல் வெளியிட்டனர். வாகன விபத்துக்குள்ளான 71 பேரில் ஒரு பகுதியார், விபத்து நேர்ந்த 6 மணி நேரத்துக்குள் அதனை ஆடினர். அடுத்த ஒரு வாரத்தில், அழையாமல் வந்து தாக்கும் விபத்துக் காட்சிகள், ஆடாதவரைவிட இவர்களுக்கு 62 சதவீதம் குறைந்தன. கண்ட காட்சி மனத்தில் உறையச் சில மணி நேரம் செல்லும். அதற்குள் வடிவங்களைத் திருப்பிப் பொருத்தும் வேலையில் மனக்கண் ஈடுபட்டால், காட்சி முழு வலிமையோடு படிய இடமிராது என்பது அவர்கள் கருத்து. நடந்தது மறந்துபோவதில்லை, பாய்ந்து வந்து வருத்துவது மட்டும் தணிகிறது.

மில்லில் உழைத்த நாளில், உடன் வேலையாளின் கை இயந்திரத்தில் சிக்கியதைக் கண்டு நாமும் பல மாதம் உறங்கவில்லை. அன்று நமக்குக் காட்டப்பட்ட மருந்து சாராயக் கடை. அதன் பயனை நம் தெருவில் எவரைக் கேட்டாலும் சொல்வர்.

அப்படியாயின் ஆட்டமும் துக்கத்தினின்று ஓடி ஒளிதல்தானே என்பீர்கள். இங்குதான் நாம் நெடுநேரம் எண்ணினோம். அம்மருத்துவமனையில், விபத்தின் கொடிய கணங்களை முதலில் நினைவுகூரச் செய்து, அதன் பின்னரே ஆடவிட்டனர். துக்கத்தை நேரே பார்த்தவன் சிறிது கண்ணை இளைப்பாற்றுகிறான். அதனைப் பாராதிருக்கவே மாதக் கணக்கில் இரவெல்லாம் ஆடுகிறவனுக்கு அதே ஆட்டம் சிறையாகிறது. 71 பேர் என்பதும் சிறுதொகையே. இதைக் கொண்டு மனநோய் தீரும் என்று பறைசாற்றலாகாது. அச்சமும் உறக்கமின்மையும் நீடித்தால் மருத்துவரிடம் செல்க. 2022-ல் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பிள்ளையின் கைபேசியை மறுநாளே திருப்பிக் கொடுத்தோம். “என்ன கண்டாய்?” என்று அன்றே கேட்டிருக்க வேண்டும், ஒரு மாதம் கழித்தே கேட்டோம். அவன் சொல்லத் தொடங்கினான். விளக்கேற்றும் நேரமாகியும் நாம் எழுந்திருக்கவில்லை.