கண்டும் கேளாதிருத்தல்

விடுமுறை நாட்களில் பிள்ளைகளைப் பசுமடங்களுக்கும் பண்ணைகளுக்கும் பறவைகள் சரணாலயங்களுக்கும் அழைத்துச் செல்லும் வழக்கம் நம் சிராவகக் குடும்பங்களில் வளர்ந்து வருகிறது. போற்றத்தக்க வழக்கமே. ஆயினும், ஒரு கட்டு அகத்திக்கீரையை ஊட்டிவிட்டு உள்ளம் நிறைந்து வீடு திரும்பும்போது ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாம் அங்குக் கண்டது அவ்வுயிர்களின் துயரையா, அன்றி நம்முடைய அருளுடைமையையா?

இவ்வினா என் உள்ளத்தில் எழக் காரணமாயிருந்தவன் என் பேரன். சென்ற ஆண்டு அவனுடன் ஒரு பசுமடத்திற்குச் சென்றிருந்தேன். கால் ஒடிந்தவை, கண் இழந்தவை, பால் மறுத்தவை, உழுது ஓய்ந்தவை எனப் பலவும் அங்கே நின்றன. “இவை எல்லாம் யார் வீட்டு மாடுகள்?” என்று அவன் கேட்டான். தீவனம் வைத்துக்கொண்டிருந்த பெரியவர், “வேண்டாம் என்று விட்டவர்கள் வீட்டு மாடுகள், தம்பி” என்றார். உடனே பேரன் என் பக்கம் திரும்பி, “தாத்தா, நம் வீட்டு மாடுகள் எங்கே போயின?” என்றான். என்னால் விடை கூற இயலவில்லை.

எங்கள் குடும்பம் உழவுக் குடும்பம். பல்லாண்டுகள் எங்கள் நிலத்தை உழுத எருதுகள் இரண்டு இருந்தன. டிராக்டர் வாங்கிய ஆண்டில் அவற்றைத் தரகரிடம் விற்றோம். அன்று காலை நான் வேண்டுமென்றே ஜினாலயம் சென்றுவிட்டேன். அவை எங்கே செல்லும் என்பதை நான் கேட்கவில்லை. கேட்டால் விடை கிடைக்கும் என்பதை அறிந்தே கேளாதிருந்தேன்.

‘கொல்ல வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு இல்லை. இல்லறத்தான் விலக்க வேண்டியது சங்கற்ப ஹிம்சையை அன்றோ? உழவிலும் தொழிலிலும் நேர்வன தவிர்க்க இயலாதவை அல்லவா?’ என்று நெடுநாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். அத்தேறுதல் நிலைக்கவில்லை. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது கொல்லும் எண்ணத்தை மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதம் என்னும் விழிப்பின்மையையே அதன் வேராகக் காட்டுகிறது. மேலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவழியாலும் வினை வந்து சேரும் என்பது நம் கொள்கை. அறியாமை ஒன்று, அறிய விரும்பாமை வேறொன்று. முன்னது குறை. பின்னதோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்யும் உடன்பாடு.

அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தையும் எண்ணிப் பாருங்கள். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் ஆகிய ஐந்தும் மாட்டுத் தொழுவத்தின் முன் நின்று எழுதப்பட்டவை போலவே தோன்றும். ஒரு வாயில்லா உயிரைத் தன் பயனுக்காக வைத்திருக்கும் மனிதனை நோக்கியே அவை பேசுகின்றன.

திருமலையில் பாறை மீது ஓங்கி நிற்கும் நேமிநாத பகவானின் திருவுருவைத் தொழாத தமிழ்ச் சமணர் அரியர். அவர் துறவு பூண்ட வரலாற்றைப் பிள்ளைகளும் அறிவர். திருமண ஊர்வலம் செல்லும் வழியில் விலங்குகள் அடைபட்டுக் கதறிக்கொண்டிருந்தன. உடன் சென்றோர் அனைவருக்கும் கண்ணும் செவியும் இருந்தன. எனினும், ‘இவை ஏன் அடைக்கப்பட்டுள்ளன?’ என்று தேர்ப்பாகனை வினவியவர் அவர் ஒருவரே. விருந்துக்காக என்னும் விடை வந்தபின் அவர் தேர் முன்னே செல்லவில்லை. அவர் துறவு அவ்வொரு வினாவில் தொடங்கியது.

நாள்தோறும் காத்தல் என்பதற்குச் சான்று வேண்டுவோர் வந்தவாசிக்கு அண்மையில் உள்ள வேடந்தாங்கலைக் காணலாம். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டுகின்றன. 1936-இல் அது சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் காவல் அதற்கும் முற்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் முறையிட்டுச் செங்கற்பட்டு ஆட்சியரிடம் காப்பு ஆணை பெற்றனர். பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது.

‘பறவை எச்சத்தால் ஏரிநீர் உரமாகிறது, விளைச்சல் பெருகுகிறது. பயன் கருதிக் காத்தது அறமாகுமா?’ என்று சிலர் வினவுவர். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவதே அவற்றின் இயல்பு என்பது நம் ஆகமக் கருத்து. அவ்வூரார் பயன் பெற்றனர். பெற்ற பயனுக்கு ஈடாகக் காவலும் தந்தனர். நான் எருதுகளிடம் பயன் பெற்றேன்; ஈடாக எதையும் தரவில்லை. பயன் பெறுதல் குற்றமன்று. பயன் தீர்ந்த நாளில் உறவையும் அறுத்துக்கொள்வதே குற்றம்.

தீவனத்திற்கே வழியில்லாத ஏழை உழவரை நான் குறைகூறவில்லை. வைக்கோற்போர் நிறைந்திருந்த என் போன்றோரைப் பற்றியே பேசுகிறேன்.

ஆகவே, பிள்ளைகளைத் தவறாது அழைத்துச் செல்லுங்கள். அவர்களைக் கேள்வி கேட்கவும் விடுங்கள். பால் வாங்கும் பண்ணைக்குச் சென்றால், காளைக்கன்றுகள் எங்கே என்று கேளுங்கள். பசுமடத்திற்குச் சென்றால், ஒரு மாட்டிற்கு ஒரு மாதத் தீவனச் செலவு என்ன என்று கேளுங்கள். இயன்றவர் ஒரு மாட்டையேனும் அதன் இறுதிநாள் வரை ஏற்றுக்கொள்ளுங்கள். விடை கசப்பாயினும் கேட்டறிதலே விழிப்பு. விழிப்பே விரதத்தின் உயிர்.

நான் இப்போது திங்கள்தோறும் அப்பசுமடத்திற்குச் சென்று, கிழட்டெருது ஒன்றிற்கு உரிய செலவைச் செலுத்தி வருகிறேன். விற்ற வினை அதனால் கழியும் என்று நான் எண்ணவில்லை. பேரன் மறுமுறை கேட்கும்போது, ஓர் எருதாவது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கும்.