திரும்புகிற நேரம்

நந்தனத்திலிருந்து டாப்ஸ்லிப் காட்டில் நடக்கக் கிளம்புகிறீர்கள். எந்த வாட்ச் கட்டுவது?

பீரோவில் அப்பாவின் ஹெச்.எம்.டி. இருந்தால் அதையே கட்டுங்களேன். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் பிறந்த ஜாதி. 2016-ல் வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்தார்கள். வாட்ச் மட்டும் ஓடுகிறது. சாவி மாடல் என்றால் பேட்டரி கிடையாது. தினமும் சாவி கொடுக்கணும். தண்ணீர்தான் ஆகாது, மழை வந்தால் பைக்குள் பத்திரம்!

காட்டில் முக்கியம் ஒரே நேரம்தான்: திரும்புகிற நேரம். 'ரெண்டு மணிக்குத் திரும்பிடணும் சார்' என்கிறார் வழிகாட்டி. தலையாட்டுகிறீர்கள். ரெண்டு ஆகும்போது உச்சி கண்ணெதிரே. பின்னால் நண்பர் முழங்கால் வலியோடு நொண்டி வருகிறார். 'இன்னும் பத்தே நிமிஷம்' என்கிறது மனசு.

வாட்ச் மணியைக் காட்டும், காலைத் திருப்பாது. அதற்குச் சின்னச் சின்ன வாக்குகளைக் காப்பாற்றிப் பழகியிருக்கணும். காடு வரை போவானேன்? இன்று யாரிடம் 'அஞ்சு நிமிஷத்தில் வர்றேன்' என்றீர்கள்?